கோள் சொல்லும் கோல்!

அமெரிக்காவில் அக்கா வீட்டுக்குப் போகிறவர்கள் நயாகரா முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பக்தி ஜாஸ்தி உள்ளவர்கள் பிட்ஸ்பர்க் பெருமாளைச் சேவித்துவிட்டு, பிரசாதப் புளியோதரையையும் ஒரு கை பார்த்துவிட்டு வருவார்கள். நான் போனது ஒரு துப்பாக்கித் திருவிழாவுக்கு! சத்தியமாக, தீபாவளிக்குக் கேப் துப்பாக்கி வெடித்ததைத் தவிர எனக்கும் ஆயுதத்துக்கும் எந்த உறவும் கிடையாது.

2023 செப்டம்பர். சின்சினாட்டியில் அத்தான் வீடு. வந்து பத்து நாளில் அந்த ஊர் மால்களையெல்லாம் பார்த்து முடித்து, சோபாவில் சுருண்டு கிடந்தேன்.

"மாப்ளே, பக்கத்து வீட்டுப் பெரியவர் சனிக்கிழமை ஃப்ரெண்ட்ஷிப் போறாராம். வர்றீங்களா?" என்றார் அத்தான்.

"ஃப்ரெண்ட்ஷிப்னா?"

"ஊர் பேரு!"

ஆமாம் சார், இந்தியானா மாநிலத்தில் 'நட்பு' என்றே ஒரு குக்கிராமம். அந்த ஊரில்தான் அமெரிக்கா முழுவதிலுமிருந்து துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்து சுடுகிறார்கள். பெயர்ப் பொருத்தம் பிரமாதம்!

பெரியவர் ரிட்டயர்டு போஸ்ட்மேன். வயது எழுபதுக்கு மேல். நெஞ்சு வரை வெள்ளைத் தாடி. பேச்சுக்குப் பேச்சு என்னை 'ஸன்' என்பார். நம்மூர்ப் பெரியவர்கள் 'தம்பி' போடுவார்களே, அதே தோரணை. கை குலுக்கும்போது அவருடைய இடது உள்ளங்கையில் ஏதோ முடிச்சு மாதிரி தட்டுப்பட்டது. பழைய தழும்பு. முதல் நாளே எப்படிக் கேட்பது? விட்டுவிட்டேன்.

ஒஹையோ ஆற்றை ஒட்டியே மேற்கே போனோம். லாரன்ஸ்பர்க், அரோரா என்று ஆற்றங்கரை ஊர்கள். அப்புறம் டில்ஸ்பரோ. அதைத் தாண்டியதும் ரோடு சுருங்கி, மேடும் பள்ளமுமாக, இரண்டு பக்கமும் காய்ந்து கொண்டிருந்த சோளக்காடு. பக்கத்தில் 'வெர்சாய்' என்று ஒரு ஊர். பிரெஞ்சு ராஜாவின் அரண்மனைப் பெயராச்சே என்று நான் ஸ்டைலாக உச்சரித்ததும் பெரியவர் சிரித்துவிட்டார். அந்த ஊர்க்காரர்களுக்கு அது 'வெர்-சேல்ஸ்'! பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு அந்த உச்சரிப்பே பிடித்துவிட்டது.

லாஹரி என்ற ஓடைக்கரையில் இருக்கிறது மைதானம். 1933-ல் ஆரம்பித்த தேசிய முன்வாய்த் துப்பாக்கிச் சங்கத்தின் இடம். அதென்ன முன்வாய்? இந்தக் காலத்துத் துப்பாக்கிக்குப் பின்னாலிருந்து தோட்டா போடுவார்கள். இதற்கோ எல்லாமே வாய் வழியாகத்தான். முதலில் கருமருந்து, அதன்மேல் துணி சுற்றிய ஈயக்குண்டு, பிறகு ஒரு கோலால் அடிவரை தள்ளுவது. 'மருந்து கெட்டிக்கிறது' என்று நம்மூர்த் தாத்தாக்கள் சொல்வார்களே, அதேதான்.

உள்ளே நுழைந்ததும் ஒரு நிமிஷம் சினிமா ஷூட்டிங்கோ என்று நினைத்துவிட்டேன். மான்தோல் சட்டை, ரோமத் தொப்பி, தோளில் மாட்டுக்கொம்பு. கொம்பில்தான் மருந்து. ஒரு பக்கம் வரிசையாகக் கூம்புக் கூடாரங்கள். இன்னொரு பக்கம் நம்மூர் வாரச் சந்தை மாதிரி கடைகள்: சட்டி, கத்தி, பழைய இரும்பு, பொரித்த உருளைக்கிழங்கு. எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளைப் புகையும், அழுகிய முட்டை வாசனையும். கந்தகம் சார்! வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு. அதுதான் கருமருந்து. எனக்கென்னவோ சிவகாசி வாசனையாகத்தான் தெரிந்தது.

சுடுகிறவர்களைப் பார்த்தேன். பத்து நிமிஷத்தில் எனக்கு ஒன்று புரிந்தது. இவர்கள் சுடுவதே இல்லை! விசையை அழுத்துவது ஒரு நொடி. மீதி நேரமெல்லாம் கோலும் கையுமாகத்தான் நிற்கிறார்கள். துடைக்க ஒரு தடவை, குண்டைத் தள்ள ஒரு தடவை, சரிபார்க்க ஒரு தடவை. கோல் உள்ளே போகிறது, வெளியே வருகிறது. எழுத்தாளனுக்குப் பேனா எப்படியோ, இவர்களுக்கு இந்தக் கோல்.

அதற்கு அங்கே 'ராம்ராட்' என்று பெயர். ராமபிரானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'ராம்' என்றால் இடித்துத் திணிப்பது.

"சாதாரணக் குச்சின்னு நினைக்காதே ஸன். இதை வச்சு ஒரு ராஜ்யமே ஜெயிச்சிருக்கு" என்றார் பெரியவர்.

நிஜம்தான். அந்தக் காலத்துப் பட்டாளத்தில் எல்லோரும் மரக்கோல் வைத்திருந்தார்கள். அவசரத்தில் குத்தினால் ஒடியும். கோல் ஒடிந்தால் துப்பாக்கி வெறும் தடி. பிரஷ்யாக்காரர்கள்தான் இரும்புக் கோலுக்கு மாறினார்கள். ஒடியாது, வேகமாகத் திணிக்கலாம். 1741-ல் மோல்விட்ஸ் என்ற இடத்தில் ஆஸ்திரியர்களோடு நடந்த சண்டையில், பிரஷ்யக் காலாட்படை சுட்ட வேகத்துக்கு எதிராளியால் ஈடுகொடுக்க முடியவில்லை. காரணங்களில் இந்த இரும்புக் கோலும் ஒன்று என்பார்கள்.

"அப்போ நீங்க மட்டும் ஏன் மரக்கோல் வச்சிருக்கீங்க?" என்றேன்.

"நாளைக்கு என் தம்பியோட பண்ணைக்கு வா. சொல்லித் தர்றேன்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பண்ணை என்றால் நாற்பது மாடு, ஒரு டிராக்டர், பின்னால் மண்மேடு. மேட்டுக்கு முன்னால் மரச் சட்டத்தில் ஒரு பேப்பர். அதுதான் குறி. அதற்கும் அப்பால் காடு.

"நான் டூரிஸ்ட் விசாவில் வந்தவன். துப்பாக்கியைத் தொடலாமா?" என்று அத்தானிடம் காதைக் கடித்தேன். அவர் முன்னாடியே விசாரித்து வைத்திருந்தார். அந்த நாட்டு மத்திய அரசின் சட்டம், கருமருந்தை வாய்வழியாகப் போட்டுச் சுடும் இந்த ரகத்தைத் துப்பாக்கிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, 'பழம்பொருள்' என்று தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்பது வேறு விஷயம். சட்டத்துக்கு அது பழம்பொருள். எதிரே நிற்கிறவனுக்கு? குண்டு குண்டுதான்!

பெரியவர் முதலில் செய்த காரியம், கோலை உருவி வெறும் குழலுக்குள் மெதுவாக நழுவ விட்டதுதான். அதன் நுனியில் பித்தளைப் பூண். 'டிங்...' என்று கோயில் மணி மாதிரி ஒரு நாதம்.

"காலியா இருந்தா பாடும். மருந்து இருந்தா 'டொப்'புன்னு ஊமையாயிடும். எந்தத் துப்பாக்கியைக் கையில வாங்கினாலும் முதல்ல இதைக் கேளு. உனக்குக் கொடுக்கிறவன் வாய்ச் சொல்லை நம்பாதே. கோல் சொல்றதை நம்பு."

குறைகுடம் கூத்தாடும், நிறைகுடம் தளும்பாது என்று நம்மவர்கள் சொன்னது துப்பாக்கிக்கும் பொருந்துகிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் பாடம். கொம்பிலிருந்து நேராகக் குழலுக்குள் மருந்தைக் கொட்டக் கூடாது. போன தடவை சுட்டதில் ஒரு கங்கு உள்ளே மிச்சமிருந்தால், கொம்பு முழுவதும் கையிலேயே வெடித்துவிடும். அளவுக் குழாயில் 70 கிரெய்ன் எடுத்து, கொம்பை மூடி ஒதுக்கிவிட்டு, அளவுக் குழாயிலிருந்து ஊற்ற வேண்டும். 70 கிரெய்ன் என்றால் சுமார் நாலரை கிராம். பிறகு மெத்தை உறைத் துணியில் வெட்டிய சின்ன வட்டம். அதை எச்சிலால் நனைக்கிறவர்களும் உண்டு. பெரியவர் வாயில் போட்டு வெற்றிலை மாதிரி மென்றுகொண்டே பேசினார். துணிமேல் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான ஈயக்குண்டு. குட்டைக் கட்டையால் ஒரு தட்டு. இப்போதுதான் கோல்.

நான் என்ன செய்தேன்? கோலின் உச்சியைப் பிடித்துக்கொண்டு, உலக்கை பிடிக்கிற மாதிரி ஒரே குத்து குத்தப் போனேன்.

"ஸ்டாப்!"

பெரியவர் அப்படிக் கத்தி அதுவரை நான் கேட்டதில்லை. இடது கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கை நடுவே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தழும்பு. கையைத் திருப்பினார். புறங்கையிலும் ஒன்று!

"ஹார்டுவேர் கடையில வாங்கின உருட்டுக் கம்பு. பார்க்க அழகா இருந்தது. உச்சியைப் பிடிச்சு அழுத்தினேன். நடுவுல ஒடிஞ்சுது. கை நிக்கலே, கீழே போயிடுச்சு."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒடிந்த மரம் சாய்வாக, ஈட்டி மாதிரி கூராக ஒடியும். அதன்மேல் நம் உடம்பு பாரமே நம் கையை இறக்கிவிடும்.

அதனால்தான் கோலுக்கு ஹிக்கரி மரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கோடாலிக் காம்புக்கும் அதுதான். நம்மூரில் மண்வெட்டிக்குக் கருவேலம் காம்பு போடுகிற மாதிரி. அதிலும் ரம்பத்தால் அறுத்த மரம் ஆகாது. நார் போன போக்கில் பிளந்து எடுக்க வேண்டும். நார் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓடினால் கோல் வளையும், ஒடியாது. நடுவில் நார் பக்கவாட்டில் வெளியே ஓடிவிட்டால், ஒடிகிற இடத்தை அது அப்போதே முடிவு பண்ணி வைத்துவிட்டது என்று அர்த்தம். சீமெண்ணெயில் மாசக்கணக்கில் ஊறப் போட்டால் இன்னும் வளையும் என்று ஒரு கோஷ்டி, அதெல்லாம் சும்மா என்று ஒரு கோஷ்டி. நம்ம ஊர் நல்லெண்ணெய் விவாதம் மாதிரி முடிவே இல்லாதது!

பிடிக்கிற விதம் இதுதான். குழல் வாய்க்கு ஒரு சாண் மேலே பிடித்து, ஒரு சாண் தள்ள வேண்டும். கையை மேலே நகர்த்தி மறுபடி ஒரு சாண். உள்ளங்கையைக் கோலின் தலைமேல் வைக்கவே கூடாது. முகமும் மார்பும் குழலுக்கு நேரே வரக் கூடாது. குண்டு மருந்தின்மேல் உட்கார்ந்த பிறகு 'டங்கு டங்கு' என்று குத்தக் கூடாது. ஈயம் மெத்து, நசுங்கும். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அழுத்தம். அழுத்தம் மாறினால் குறியும் மாறும்.

குறி பார்த்துச் சுடுகிற மைதானத்தில் இதற்கென்றே தடிமனான இரும்புக் கோலோ பித்தளைக் கோலோ தனியாக வைத்திருப்பார்கள். குழல் வாயில் உரசித் தேயாமல் இருக்க, கோலில் ஒரு பித்தளைக் கூம்பு கோத்திருக்கும். வாய் ஒரு பக்கம் தேய்ந்தாலும் குண்டு கோணலாகக் கிளம்பும். ஒவ்வொரு சூட்டுக்கும் நடுவே ஈரத்துணியைக் கோலில் செருகி உள்ளே துடைப்பார்கள். அவசரமே கிடையாது.

வேட்டைக்குப் போனால் கதையே வேறு என்றார் பெரியவர். டிசம்பரில் மான் வேட்டைக்கு, இந்தத் துப்பாக்கிக்கென்றே அந்த மாநிலத்தில் தனி சீசன் உண்டு. குளிரில் விரல் மரத்துவிடும். கையுறை வழுக்கும். குழலுக்கு அடியில் செருகிய மரக்கோல்தான் கதி. இரும்பு என்றால் 'கிளிங்' என்று ஒரு சத்தம் போதும், மான் அடுத்த ஜில்லாவுக்குப் போய்விடும்! சுட்டதும் புகை மறைக்கும். விழுந்ததா, ஓடியதா, தெரியாது. எழுந்து ஓடாதே, நின்ற இடத்திலேயே முதலில் மறுபடி கெட்டி என்பது பாடம். அந்தப் பதற்றத்தில் கோலை இலைச் சருகில் போட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. கோலைக் குழலுக்குள்ளேயே மறந்துவிட்டுச் சுட்டவர்களும் உண்டு.

"என் தம்பி ஒருத்தன் போதாதா? கோலு அம்பு மாதிரி போச்சு. மான் நின்னு வேடிக்கை பார்த்துச்சு!"

தம்பி மாட்டுக்கொட்டகையிலிருந்து முறைத்தார்.

"ஒரு குண்டுதான் இருக்குன்னு தெரிஞ்சா, சுடறதுக்கு முன்னால பத்து தடவை யோசிப்பே. பாதி நாள் சுடாமயே திரும்பி வந்திருக்கேன்" என்றார் பெரியவர். நம் நாட்டு வனவிலங்குச் சட்டப்படி மான் வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் நான் அபிப்பிராயம் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கோலில் இருந்த இரண்டு கீறல்கள். காலிக் குழலில் கோலை விட்டால், வாய்க்கு நேராகக் கீழ்க் கீறல் வராது, மேல் கீறல்தான் வந்து நிற்கும். மருந்தும் குண்டும் சரியான அளவில் இருந்தால் கீழ்க் கீறல். லாரிக்காரர்கள் டீசல் டேங்கில் குச்சியை விட்டுப் பார்ப்பார்களே, அந்தக் கணக்கு. எங்கள் பாஷையில் சொன்னால் 'ஃபிசிகல் ஸ்டாக் வெரிஃபிகேஷன்'. புத்தகத்தில் என்ன எழுதியிருந்தாலும் குடோனைத் திறந்து எண்ணிப் பார்!

நான்கு குண்டு சுட்டேன். ஒன்று பேப்பரில் பட்டது. மற்ற மூன்றும் மண்மேட்டில் எங்கேயோ நலமாக இருக்கின்றன. அத்தான் என் வீரத்தை வீடியோ எடுத்தார். "மாப்ளே, இந்தப் பக்கம் திரும்புங்க... மீசையை முறுக்குங்க..." நானும் போஸ் கொடுத்துக்கொண்டே ஐந்தாவதைக் கெட்டித்தேன். கோலை விட்டேன். பார்த்தேன்.

கீழ்க் கீறல் குழல் வாய்க்கு மேலே நின்றது. சுமார் ஒன்றரை அங்குலம்.

அழுக்கு சேர்ந்திருக்கும் என்று ஒரு மனசு சொன்னது. இன்னொரு தடவை அழுத்தினேன். அசையவில்லை. இன்னொரு மனசு உண்மையைச் சொன்னது: 'நீ மருந்தை இரண்டு தடவை ஊற்றிவிட்டாய்.' பி.காம். படித்தவன் குழலுக்குள்ளேயே டபுள் என்ட்ரி போட்டுவிட்டேன்!

சொல்ல வெட்கமாக இருக்கிறது. பேசாமல் சுட்டுவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. வீடியோ வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு பங்கு மருந்தைச் சில குழல் தாங்கும். இது அந்தச் 'சில'வில் ஒன்றாக இருந்துவிட்டால்?

அப்போது எனக்கு எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடை ஞாபகம் வந்தது. அதிர்வேட்டு போடுகிற தாத்தா ஒருவர் இருந்தார். இரும்புக் குழாயில் மருந்தைப் போட்டு, கம்பியால் இடித்து இறுக்கித் திரி வைப்பார். அவருக்கு வலது கையில் இரண்டு விரல் கிடையாது. சின்ன வயதில் ஒரு நாள், எப்படிப் போச்சு என்று கேட்டேன்.

"ஒரு வேட்டுக்கும் அடுத்த வேட்டுக்கும் நடுவுல ஒரு வெத்திலை போட்டுத் துப்பணும்டே. உள்ள கெடக்க கங்கு அணையணும்லா? அன்னிக்கு அம்மன் சப்பரம் வந்துட்டு, சீக்கிரம் போடு போடுன்னாவ. வெத்திலை போட நேரம் இல்லே."

அவ்வளவுதான் சொன்னார். முப்பது வருஷம் ஆகப் போகிறது. இந்தியானாவில் ஒரு மாட்டுப் பண்ணையில் அந்தக் குரல் கேட்டது.

துப்பாக்கியின் வாயை மண்மேட்டுப் பக்கமே வைத்துக்கொண்டு, "ஐயா, தப்பு பண்ணிட்டேன்" என்றேன்.

பெரியவர் வந்தார். கேப்பு மாட்டவில்லை என்பதை முதலில் பார்த்தார். கோலைத் தொட்டுப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மனிதர் என் முதுகில் தட்டினார்.

"இதுக்குத்தான் கீறல் போட்டது. கோல் கோள் சொல்லிச்சு, நீ காது கொடுத்தே. கெட்டிஸ்பர்க்ல கேட்க ஆள் இல்லே."

1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க்கில் நடந்த உள்நாட்டுப் போர்ச் சண்டையைத்தான் சொன்னார். சண்டை முடிந்து களத்தில் பொறுக்கிய துப்பாக்கிகள் 27,574. அவற்றில் சுமார் 24,000 துப்பாக்கிகளில் மருந்து கெட்டித்தபடியே இருந்தது. ஏறத்தாழ 12,000 துப்பாக்கிகளில் இரண்டு சுற்று. ஏறத்தாழ 6,000-ல் மூன்று முதல் பத்து சுற்று. ஒன்றில் மட்டும் 23! அத்தனை சத்தத்தில், தன் துப்பாக்கி வெடித்ததா பக்கத்து ஆளுடையதா என்று தெரியாமல், வெடிக்காத துப்பாக்கிக்கு மேலே மேலே கெட்டித்துக்கொண்டே இருந்திருக்கிறான் ஒரு பையன். கோல் ஒவ்வொரு தடவையும் உயர உயர நின்றிருக்கும். அதைப் பார்க்கிற நிலைமையில் அவன் இல்லை. பாவம், அவனுக்கு என்ன வயதோ!

பெரியவர் கையடக்கமாக ஒரு சாமான் எடுத்தார். உள்ளே சோடா மெஷினுக்குப் போடுகிற மாதிரி சின்ன காஸ் குப்பி. கேப்பு மாட்டுகிற மூக்கில் அதை வைத்து அழுத்தினார். 'புஸ்ஸ்... பொத்!' கோலி சோடா உடைத்த சத்தம். குண்டு, துணி, இரண்டு பங்கு மருந்து எல்லாம் புல்லில் வந்து விழுந்தன. அதன்மேல் வாளித் தண்ணீரை ஊற்றினார். பிறகு கோலைக் குழலுக்குள் விட்டு என் காதருகே பிடித்தார்.

'டிங்...'

அந்த நாதம் மாதிரி இனிமையான சங்கீதத்தை நான் எந்த சபாவிலும் கேட்டதில்லை.

ஐந்தாவது குண்டை நான் சுடவில்லை. அவர் வற்புறுத்தவும் இல்லை. மாட்டுக்கொட்டகை நிழலில் உட்கார்ந்து, தம்பி கொடுத்த காபியைக் குடித்தோம். பெரியவர் அந்த ஹிக்கரிக் கோலைத் துணியால் துடைத்து, கண்ணருகே பிடித்து, நார் எங்கேயாவது விலகியிருக்கிறதா என்று முனைக்கு முனை பார்த்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பார்ப்பாராம்.

இரவு வீடு திரும்பினோம். அக்கா அடுப்படியிலிருந்தே கேட்டாள்: "என்னடா, நாள் முழுக்க என்னத்தைச் சுட்டே?"

"நாலு."

"அஞ்சுன்னாரே உங்க அத்தான்?"

"அஞ்சாவதைச் சுடலே. அதனாலதான் பத்து விரலோட வந்திருக்கேன்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "விரல் இருக்குல்ல, வந்து இந்தத் தோசையைச் சுடு" என்று கரண்டியைக் கையில் கொடுத்தாள்.

சுட்டேன். ஒவ்வொன்றாக, நிதானமாக.